உடைக்காத மாதுளம்பழம்

காலையிலிருந்து தெருவில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுகிற வாடை. முச்சந்தியில் கல்லைக் கூட்டி அடுப்பாக்கி, யார் வீட்டுச் சருவத்தையோ கேட்டு வாங்கி ஏற்றிக் கிண்டுகிறார்கள். பாதிப்பேர் என்னிடம் படிக்கிற பிள்ளைகள்தான். வர்ணக் காகிதத்தை முக்கோணமாக வெட்டிச் சணலில் ஒட்டி, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தோரணம் கட்டப் போகிறார்களாம். ஐப்பசித் துலா மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஒட்டியதெல்லாம் ஊறி விழுகிறது. பிள்ளைகள் மறுபடியும் ஒட்டுகிறார்கள்.

நம்முடைய தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து மதராஸ் ராஜ்யத்தோடு சேரப் போகின்றன. அதற்குத்தான் இந்தக் கொண்டாட்டம். "தாயோடு சேர்ந்தோம்" என்று ஒரு வெள்ளை வேட்டியில் நீல மையால் எழுதி அரசமரத்தில் கட்டியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பிழை இல்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ போனது ஆவணியில். அன்றைக்கு நான் அழவில்லை என்று தெருவில் சிலருக்கு என்மேல் குறை. சின்ன வயதிலிருந்தே கூட்டுக்காரி, ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள், கல்லு மாதிரி நிற்கிறாளே என்று என் காதுபடவே சொன்னார்கள். நானும் முயன்று பார்த்தேன். வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த காலைக் கிள்ளினால் எப்படியோ அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. வாடை மூக்கில் ஏறியது, பேனாவை எடுத்துவிட்டேன்.

உன் வீட்டு வாடை அது. நம்முடையது சைவக்குடி. உன் அம்மாவுக்குச் சிப்பி வீட்டுக்குள் வந்ததே பெரிய தீட்டு. கன்னியாகுமரிக் கடைகளுக்குக் கண்ணாடிச் சட்டமும் சிமிழும் சிப்பி ஒட்டிக் கொடுக்கிற வேலையை நீ எடுத்தபோது, கடையில் தரும் வச்சிரப் பசை மாட்டுத்தோலில் காய்ச்சியது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு வாரம் அந்த அம்மாள் உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நீ சண்டை போடவில்லை. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி இடித்துக் காய்ச்சி, அதில் சிப்பிப் பொடியைக் கலந்து நீயே ஒரு பசை கண்டுபிடித்தாய். காய்ந்தால் கல்லாகிவிடும். "இப்போ நம்ம சங்கு சோழி எல்லாம் சைவமாயாச்சு, கேட்டியா" என்று சொல்லிச் சிரித்தாய்.

அப்போது நீ புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாய். அவர் திருவட்டாற்றில் இன்னொருத்தியைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். நீ ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாய். பிள்ளையை அனுப்பவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, பெண்பிள்ளை அப்பன் வீட்டில் வளரட்டும், சித்திரை வைகாசி லீவுக்கு மட்டும் தாயிடம் வந்து நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. நீ தலையை ஆட்டினாய். பிறகு சிப்பியைப் பொறுக்கிப் பிரித்து வைக்க உட்கார்ந்துவிட்டாய்.

மலையில் ரப்பர் தோட்டத்து மானேஜருடைய மதாம்மா குமரியில் உன் சிமிழ் ஒன்றைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு நம் தெருவுக்கே வந்தாள். நாடு சுதந்திரமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வெள்ளைக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த நம் தெருப்பிள்ளைகள், ஒருத்தி பாக்கி இருக்கிறாள் என்று அவள் பின்னால் ஊர்வலமாக வந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவள் மடியில் ஒரு தடித்த படப் புத்தகம். கிரேக்க தேசத்துப் பழைய சாமிகளின் கதை. சிமிழ் வேண்டாம், கறுப்புத் துணி போர்த்திய பலகையில் சிப்பியாலேயே இந்தப் படங்களைச் செய்து தரமுடியுமா என்று கேட்டாள். அவள் ஊரில் பெரிய வீடுகளில் சுவரில் மாட்டுவார்களாம்.

நான் தமிழில் சொன்னேன். நீ புத்தகத்தை வாங்கித் தலைமுடியெல்லாம் பாம்பாக இருந்த ஒருத்தியின் படத்தைப் பார்த்தாய். "நம்ம பேச்சியம்மன விட இவ கொஞ்சம் அழகாத்தான் இருக்கா" என்றாய். அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை.

பாம்புமுடிக்காரி, சிறகு முளைத்த குதிரை, கடல்ராசா எல்லாம் அந்த வருஷத்தில்தான் நீ செய்தது. கடல்ராசாவின் கையில் சூலம் இருந்தது. சூலம் வைத்திருக்கிறவர் நெற்றி வெறுமையாக இருக்கலாமா என்று வெள்ளைச் சிப்பித் துண்டில் மூன்று வரி திருநீறு போட்டுவிட்டாய். மதாம்மா அது என்ன என்று கேட்டாள். அலை என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த முறை வந்தபோது எல்லாச் சாமிக்கும் அலை போடச் சொன்னாள். நீ என் தொடையைக் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பெரிய பலகை. சித்திரை லீவு தொடங்கி உன் மகள் வந்திருந்தாள். அவளைக் கொண்டுவிட வந்த உன் புருஷனுடைய அண்ணன் வாசலில் நின்றபடியே சொன்னார்: "பிள்ளைக்கு வெவரம் தெரிஞ்சாச்சு. பள்ளிக்கூடம் தொறக்கும்போ நான் வாறேன். அவகிட்டயே கேப்போம். இங்க நிக்கேன்னு சொன்னா நிக்கட்டும், அங்க வாறேன்னா கூட்டிட்டுப் போறேன். அவ சொல்லுகதுதான் முடிவு." நல்ல மனிதர் அவர். உன் பக்கம் கொஞ்சமாவது நியாயம் பேசியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் போனதும் நீ மகளின் ஜடையைப் பிரித்துப் பேன் பார்த்தாய். லீவு முடியும்வரை அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் உன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அது அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

மதாம்மா வந்து கதை சொன்னது அந்த வாரம்தான். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், நடுவில் உன் மகள். தானியத்துக்கெல்லாம் தாயான ஒரு சாமி, டிமீட்டர் என்று பெயர் என்றாள்.

"மீட்டரா? கரண்டு ஆபீசுக்காரன் கொண்டு மாட்டுகானே, அதா?" என்று கேட்டாய். கடைசிவரை அந்தப் பெயரை நீ சொல்லவில்லை. களத்தில் கூட்டுகிற நெற்பொலியை நினைத்துப் பொலியம்மை என்று நீயே ஒரு பெயர் வைத்துக்கொண்டாய்.

பொலியம்மைக்கு ஒரே மகள். பூப்பறித்துக்கொண்டிருந்தவளைப் பாதாளத்து ராசா தூக்கிக்கொண்டு போய்விட்டான். எமன் என்று நான் தமிழாக்கினேன். தாய் மகளைத் தேடி அலைந்தாள். அவள் அழுத அழுகையில் உலகத்தில் ஒரு வயல் விளையவில்லை. பயந்துபோன சாமிகள் சிறகுச் செருப்புப் போட்ட ஒரு தூதனை அனுப்பினார்கள். அவன் போய்ப் பெண்ணை மீட்டுக் கூட்டி வந்தான். ஆனால் புறப்படும் முன்பு எமன் அவளுக்கு ஒரு மாதுளம்பழத்தைக் கொடுத்திருந்தான். அவள் அதில் சில முத்தைத் தின்றுவிட்டாள். அந்த ஊரில் சாப்பிட்டவர்கள் அந்த ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்பது சட்டம். அதனால் வருஷத்தில் கொஞ்ச மாதம் தாயிடம், மீதி மாதம் எமனிடம். மகள் வந்தால் பூமி பச்சையாகும். போனால் காய்ந்து கிடக்கும்.

நான் சொல்லி முடிக்கும்வரை நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சோழியைத் துணியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாய்.

"நம்ம ஊர்ல கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூவு விளையும். வயலு சும்மா காஞ்சு கெடக்கது சித்திரை வைகாசிலதான். அப்போதான் எனக்குப் பிள்ளை வருகா. இந்தக் கதை நமக்குத் தலைகீழால்லா இருக்கு" என்றாய்.

மதாம்மா என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். இங்கே வருஷத்துக்கு இரண்டு போகம் என்று சொல்கிறாள் என்றேன். அவள் அப்படியா என்று தலையாட்டினாள்.

அவள் போனபிறகு மறுபடியும் கேட்டாய். "அந்தப் பிள்ளை எதுக்குட்டி அந்தப் பழத்தத் தின்னா?"

"கதையில அதுக்குக் காரணம் சொல்லல்ல" என்றேன்.

"பசிச்சிருக்கும்லா. எமன் வீட்டுலயும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். குடுத்தா திங்கும். அதுக்குப் போய் ஒரு சட்டமா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரித்தான் சொன்னாய்.

அந்த லீவு முழுவதும் பலகை வேலைதான். கடற்கரையிலிருந்து சிப்பிக் கூடையோடு ஒருத்தி வருவாளே, தேங்காய்ப்பட்டணம் வரை போய்ப் பொறுக்கி வருகிறவள், அவளிடம் நீ இடுக்கி இடுக்கிப் பேரம் பேசி நிறம் பார்த்து எடுப்பாய். பொலியம்மையின் புடவைக்கு மஞ்சள் பூத்த சிப்பி. கிரேக்கத்தில் புடவை கிடையாது என்று நான் சொன்னேன். "இவ்வளவு துணிய மேலயும் கீழயும் சுத்தியிருக்கா, இது புடவை இல்லாம என்ன?" என்றாய். மகள் தரையில் கவிழ்ந்து படுத்து உனக்குச் சிப்பி எடுத்துத் தருவாள். திருவட்டாற்றுக் கதையெல்லாம் சொல்வாள். அங்கே கோயிலில் பெருமாள் படுத்தே கிடப்பாராம். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழுசாகத் தெரிவாராம். தம்பி அவரைப் பார்த்து, எழும்பு எழும்பு என்று சத்தம் போடுவானாம். தம்பி என்றால் இன்னொருத்தி பெற்ற பிள்ளை. அப்போது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். தம்பி, தம்பி என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று நீ எண்ணியிருக்கமாட்டாய். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

மாதுளம்பழத்தில்தான் வேலை நின்றது. பொலியம்மை மகளின் உள்ளங்கையில் பாதி உடைந்த பழம், உள்ளே சிவப்பு முத்து. அந்தச் சிவப்பில் சிப்பி கிடைக்கவில்லை. சாயம் போட்டுப் பார்த்தாய், ரத்தம் கட்டின மாதிரி ஆயிற்று. அப்போதுதான் உன் மகள் எழுந்து ஓடிப்போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு கை மஞ்சாடி முத்தைக் கொண்டுவந்து கொட்டினாள். குன்றிமணி மாதிரிச் சின்னச் சின்னதாக, பளபளவென்று, ஆனால் ஒரு பொட்டு கறுப்பு இல்லாத சிவப்பு.

"ஏது மக்கா?" என்று கேட்டாய்.

"எங்க வீட்டு முற்றத்துல மஞ்சாடி மரம் நிக்கி."

எங்க வீடு என்றுதான் சொன்னாள். உன் கை பசைக்கிண்ணத்தில் அப்படியே நின்றது. பிறகு, "நல்ல முத்து. நீயே ஒட்டு" என்று கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாய். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பசையில் தொட்டுத் தொட்டு ஒட்டினாள். அந்த வேலை அவளுக்கு மத்தியானம் முழுவதும் ஆயிற்று. பொலியம்மையின் மகள் கையில் நிஜமாகவே பழம் உடைந்து கிடப்பது போலிருந்தது. நீ அவள் தலையில் கைவைத்து, "என்னை விட நல்லா ஒட்டியிருக்கா" என்றாய்.

வைகாசிக் கடைசியில் இடவ மழை பிடித்த அன்று அவள் பெரியப்பா வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நீ கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாய். நானும் அங்கேதான் இருந்தேன். நீதான் என்னை இருக்கச் சொன்னாய். அவர் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மக்கா, ஒனக்கு அம்மை கூட இங்க நிக்கணுமா? இல்ல அங்க வாறியா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். ஒன் இஷ்டம்தான்."

அவள் உன்னைப் பார்த்தாள். நீ சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் பெரியப்பாவின் வேட்டி ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினாள்.

"தம்பி தேடுவான்" என்றாள்.

பிறகு, "அடுத்த லீவுக்கு வாறேன்மா" என்று உன்னிடம் சொன்னாள்.

"செரி மக்கா" என்றாய். அவளை உட்காரவைத்து எண்ணெய் தடவி, இரட்டை ஜடை போட்டு, ரிப்பன் கட்டி அனுப்பினாய். அவர்கள் குடைக்குள் தெரு முனை திரும்பும்வரை நின்றாய். எனக்கு அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. நீ என்னைத் தாண்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய், டம்ளரைக் கழுவி வைத்தாய்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உள்ளே எட்டிப்பார்த்தேன். நீ பலகையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் குனிந்து, கோணூசியால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தாய். மஞ்சாடி முத்துகள். உன் பசை காய்ந்தால் கல் அல்லவா. ஒவ்வொரு முத்தும் லேசில் வரவில்லை. ஊசி வழுக்கி உன் விரலில் ஏறியிருந்தது.

"ஏட்டி, என்ன செய்யா?"

"பழத்த மூடுகேன்."

"மதாம்மா கேப்பாளே."

"கேக்கட்டும்." இன்னொரு முத்தை நெம்பி எடுத்து எண்ணெய்ச் சிமிழுக்குள் போட்டாய். "அவ திங்கல்லன்னா திரும்பிப் போகாண்டாம்லா."

பக்கத்தில் உட்கார்ந்து பலகை அசையாமல் பிடித்துக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் எடுத்து முடித்து, உப்பிய சிவந்த சிப்பி ஒன்றை அந்த இடத்தில் கவிழ்த்து ஒட்டினாய். மேலே சின்னச் சில்லுகளால் முடி வைத்தாய். உடைக்காத முழுப் பழம். பொலியம்மையின் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தாயை நோக்கி வந்தாள். அவள் அதைத் தின்னவில்லை.

மதாம்மா வந்தாள். பலகைக்கு முன்னால் குனிந்து ஒவ்வொரு உருவமாகப் பார்த்தாள். பழத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் விரலை நீட்டித் தூதனின் காலைக் காட்டினாள். "செருப்பு எங்கே?" என்று கேட்டாள்.

நான் உன்னிடம் கேட்டேன். நீ முழித்தாய்.

"எந்தச் செருப்பு?"

புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். தூதனின் காலில் வார் வைத்த செருப்பு, அதில் சிறகு. நீ அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாய்.

"இதையா? இத நான் தண்டைன்னுல்லா நெனச்சேன்" என்றாய்.

பலகையில் தூதன் வெறுங்காலோடு நின்றான். கணுக்காலில் பொடிச் சோழியால் வரிசையாகத் தண்டை. தண்டைக்கு மேலே சிறகு. குமரன் கோயில் உற்சவருக்குப் போடுகிறது போலவே இருந்தது. நான் கதை சொல்லும்போது செருப்பு என்றுதான் சொன்னேன். உன் காதில் அது ஏறவேயில்லை. மதாம்மா, செருப்பு முக்கியம், அதுதான் அவனுக்கு அடையாளம், மாற்றித் தரமுடியுமா என்று கேட்டாள்.

நீ கேட்டாய்: "அவன் சாமிதான?"

"ஆமா."

"பிள்ளையக் கூட்டிட்டு வந்து தாய்கிட்ட ஒப்படைக்கான். அந்த நேரத்துல செருப்புக் காலோடயா வந்து நிப்பான்?"

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மதாம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, உன்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். இருக்கட்டும், மாற்றவேண்டாம் என்றாள். தன் காமிராவை எடுத்துவரச் சொல்லி, பலகையை வெளிச்சத்தில் நிறுத்தி, பக்கத்தில் உன்னையும் நிறுத்திப் படம் பிடித்தாள். பழத்தை அவள் கவனிக்கவே இல்லை. அவளும் ஒரு தாய்தான். மூன்று பிள்ளைகளைக் கப்பலேற்றிப் படிக்க அனுப்பிவிட்டு மலையில் உட்கார்ந்திருந்தவள். ஆனாலும் கவனிக்கவில்லை. நமக்குள் செருப்பு என்று சொல்லிச் சிரிப்பதற்கு ஒரு விஷயம் கிடைத்தது. பழத்தைப் பற்றி அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

பலகையை மதாம்மா கொண்டுபோனாள்; எடுத்த படத்தைச் சட்டம் போட்டு அனுப்பினாள். நீ அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாய். பிறகு தோட்டம் கைமாறி அவளும் கப்பலேறினாள். நீ பழையபடி சிமிழுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் திரும்பினாய். ஒவ்வொரு சித்திரையிலும் மகள் வந்தாள். ஒவ்வொரு இடவத்திலும் போனாள். அவளை யாரும் மறுபடி கேட்கவில்லை. நெஞ்சுச்சளி பிடித்து நீ படுத்தபோது, நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் வண்டி பேசினேன். மழை விடட்டும் என்றாய். மழை விட்டது. நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து உன் மகள் என்னைப் பார்க்க வந்தாள். இப்போது தாவணி போடுகிறாள். உன் உயரம் வந்துவிட்டது. செருப்பை வாசலில் கழற்றி விட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்தாள். உன் சாமான்களில் யாரும் கேட்காததை உன் அம்மா என்னிடம் தந்திருந்தாள். கோணூசி, பசைக்கிண்ணம், அந்த எண்ணெய்ச் சிமிழ், அந்தப் படம். அவள் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் உன் முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு மக்கா."

"அந்தப் பழத்துல நான் ஒட்டுன முத்தெல்லாம் என்னாச்சு?"

நான் சிமிழைத் திறந்து காட்டினேன்.

அவள் அதில் விரலை விட்டு அளைந்தாள். "அடுத்த லீவுக்கு வந்தப்பவே பாத்தேன். படத்துல பழம் மூடியிருந்துது. கேட்டா அம்மைக்கு வருத்தமா இருக்கும்னு கேக்கல்ல. நான் நல்லா ஒட்டல்லியா, சித்தி?"

அத்தனை வருஷமும் அதை அவள் மனசில் வைத்துக்கொண்டே வந்து போயிருக்கிறாள். உன் முன்னால் உட்கார்ந்து சிப்பி பிரித்திருக்கிறாள், ஒருமுறைகூடப் பசைக்கிண்ணத்தைத் தொட்டதில்லை. நாம் இரண்டுபேரும் அதைக் கவனித்தோம். பெரிய பிள்ளையாகிவிட்டாள், விளையாட்டு போய்விட்டது என்று பேசிக்கொண்டோம்.

"நீ நல்லாத்தான் ஒட்டியிருந்தா. எடுக்கதுக்குத்தான் ஒங்கம்மை பட்ட பாடு. கையில ரத்தம் வந்துது" என்றேன்.

"பின்ன எதுக்கு எடுத்தா?"

சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். சொன்னேன். "நீ திரும்பிப் போகாண்டாம்னு எடுத்தா" என்று அவளிடம் சொன்னேன். கதையையும் மறுபடி சொன்னேன். முத்தைத் தின்றால் திரும்பவேண்டும் என்ற சட்டத்தையும், பசித்த பிள்ளைமேல் குற்றமில்லை என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அதில் அவள் என்னைப் போல என்று தோன்றியது. நான் சிமிழை மூடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "நீங்களே வச்சிருங்க சித்தி. அங்க இப்போ குட்டித் தம்பி ஒருத்தன் இருக்கான். எதக் கண்டாலும் எடுத்து வாயில போட்டுருவான்."

படத்தை மட்டும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். மழைக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று வேகமாகப் போனாள்.

திருவட்டாறும் நம்மோடு சேர்ந்துதான் போகிறது. அங்கும் இன்றைக்குத் தோரணம் கட்டுவார்கள். அவள் வீட்டு வாசலிலும் கட்டுவார்கள். இந்த ஊர்ப் பெரியவர்கள் வருஷக்கணக்கில் போராடி ஜெயிலுக்கும் போய் வாங்கிய காரியம் இது. சந்தோஷப்படவேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னேன். தாயிடமிருந்து பிரிந்திருந்தோம், இப்போது சேர்கிறோம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும்போலக் கோணாமல் இருந்தது.

இப்போது சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முத்துகளின் சிவப்பு அப்படியே இருக்கிறது. நீ நெம்பி எடுத்த பக்கத்தில் ஒவ்வொன்றிலும் பழைய பசை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெந்நீரில் போட்டால் விட்டுவிடும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போடவில்லை. அது உன் பசை, அவள் தொட்டு ஒட்டியது. நீங்கள் இருவரும் சேர்ந்து இருந்தது என்று என் கையில் இருப்பது இவ்வளவுதான்.

பிள்ளைகள் வாசலில் வந்து கூப்பிடுகிறார்கள். தோரணம் மறுபடி விழுந்துவிட்டதாம். பசை பிடிக்கவில்லையாம், என்ன செய்வது என்று கேட்கிறார்கள். "சிப்பிப் பொடி கொஞ்சம் கலக்குங்க மக்கா, பிடிக்கும்" என்று உள்ளிருந்தே சொல்கிறேன். யார் சொல்லித் தந்தது டீச்சர் என்று ஒருத்தி கேட்கிறாள். நான் எழுந்து போகவேண்டும். உன் பெயரைச் சொல்லவேண்டும்.